வெள்ளிச் சொம்பு போன தேசம்

வாங்க மச்சான், வாங்க. இந்தக் கட்டில்ல உக்காருங்க, திராட்சைப் பந்தலுக்குக் கீழ வெயிலு தெரியாது. பவளம், மச்சான் வந்திருக்காரு பாரு, காப்பி போடு. வேண்டாம்னு சொல்லாதீங்க. சின்னமனூர்ல இருந்து ஓடைப்பட்டிக்கு இந்த வெயில்ல வண்டியில வந்துட்டு ஒரு வாய் குடிக்காமப் போனா நல்லாவா இருக்கு?

எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும் மச்சான். மஞ்சப்பையில பஞ்சாங்கம் துருத்திக்கிட்டு நிக்குதே. தை மாசம் நிச்சயத்துக்கு நாள் பாக்கணும், அதானே? உங்க மக தேமொழிக்கு எம் மகன் இளம்பரிதின்னு ஆறு வருசத்துக்கு முன்னாடி இதே பந்தலுக்குக் கீழ உங்க கையைப் பிடிச்சுச் சொன்னவன் நான். சொன்ன சொல்லுல இருந்து நான் மாறமாட்டேன். மாறுற ஆளா நானு? நாள் பாப்போம், நிதானமாப் பாப்போம். அதுக்கு முன்னாடி நான் போர்ச்சுக்கல் போயிட்டு வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்க. ஊருக்குள்ள ஒருத்தனும் முழுசாக் கேக்க மாட்டேங்குறான். பாதியிலேயே பால் கறக்கணும், மோட்டார் போடணும்னு எந்திரிச்சுப் போயிடுறான்.

பய அங்க போர்ட்டோங்கற ஊர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான்ல, அவன்தான் டிக்கெட் அனுப்பினான். ரெண்டு பேருக்கும்தான் அனுப்பினான். பவளம் மூட்டுவலின்னுட்டா. நீங்க மட்டும் போங்க, கண்ணாரப் பாத்துட்டு வாங்கன்னா. பெட்டி கட்டும்போது பாக்குறேன், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அதுக்கு நடுவுல வேட்டியில சுத்தி எங்க வீட்டு வெள்ளிச் சொம்பு. இது எதுக்குடின்னு கேட்டா, அங்க எல்லாரும் வாய் வச்சுக் குடிச்ச கண்ணாடி டம்ளர்லதான் தண்ணி தருவாங்க, நீங்க இதுல அண்ணாந்து குடிங்கங்குறா. அவ சொன்னதும் ஞாயம்தான். நான் எச்சில் பண்ணி எதையும் குடிச்சதில்லைன்னு உங்களுக்கே தெரியுமே.

போயி நாலாம் நாள் பய சொல்லுறான், அப்பா நாளைக்கு உங்களைத் திராட்சைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், தனி டூருன்னு. தனி டூருன்னா என்னடான்னேன். மத்தவங்கள்லாம் பஸ்ஸுல முப்பது பேரு நாப்பது பேருன்னு போவாங்களாம். நமக்குன்னா தனிக் காரு, தனி கைடு, நம்ம சொன்ன எடத்துல நிக்கும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு மச்சான். திராட்சைக்காரன் மகன் அப்பனுக்குத் திராட்சைக் காடு காட்டுறான் பாருங்க.

காலையில காரு வந்துச்சு. ஓட்டிட்டு வந்தது ஒரு பொண்ணு. கைடும் அதுதானாம், டிரைவரும் அதுதானாம். பேரு இனேஷ். இருபத்தெட்டு, முப்பது வயசு இருக்கும், கறுத்த முடி, நல்ல உசரம். என்னைப் பாத்ததும் ரெண்டு கையையும் கூப்பி வணக்கம்னுச்சு. சுத்தமாச் சொல்லுச்சு. அந்த ஊரு டூரு கம்பெனிக்காரங்க எம்புட்டுப் பழக்கி வச்சிருக்காங்கன்னு பாத்துக்கங்க. காருல கம்பெனி பேரு எதுவும் எழுதலை. பின் சீட்டு பூரா நாய் முடி. வேட்டியில ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. சரி, சின்னக் கம்பெனி போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

ரெண்டு மணி நேரம் ஓட்டம். நான் பின்னால, பய முன்னால. அவங்க ரெண்டு பேரும் இங்கிலீசுல பேசிக்கிட்டே வந்தாங்க. அந்தப் பொண்ணு நாலு நிமிசம் பேசும், இவன் எனக்கு ஒரு வார்த்தையில சொல்லுவான். "மலைங்குறா." "ஆறுங்குறா." மலையும் ஆறும் எனக்கும்தான் தெரியுதே.

பாதி வழியில எனக்கு ஒரு யோசனை. நம்ம தேமொழி போட்டோவைச் சட்டைப் பையிலேயே வச்சிருந்தேன் மச்சான், நீங்க குடுத்தீங்களே, பச்சைப் பட்டுல எடுத்தது. பயகிட்ட ரெண்டு தடவை காட்டிட்டேன், அப்புறம் பாக்குறேன் அப்புறம் பாக்குறேன்னு தட்டிக் கழிச்சுக்கிட்டே இருந்தான். மூணாவது மனுசர் எடுத்துச் சொன்னா ஏறும்ல? வழியில ஒரு எடத்துல காரு நின்னப்ப அந்தப் பொண்ணு கையில போட்டோவைக் குடுத்தேன். இதுதான் எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு, நீயாவது இவனுக்குப் புத்தி சொல்லும்மான்னு பயலை விட்டே சொல்லச் சொன்னேன். அவன் என்னத்தைச் சொன்னானோ, ரொம்ப நேரம் இழுத்து இழுத்துச் சொன்னான்.

அந்தப் பொண்ணு போட்டோவை ரொம்ப நேரம் பாத்துச்சு. அழகா இருக்காங்கன்னு சொல்லுச்சு. கண்ணு செவந்து போச்சு. அங்க வெயிலு கடுமை மச்சான், செப்டம்பர்லயும் நம்ம சித்திரை மாதிரி அடிக்குது. கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு வண்டியை எடுத்துச்சு. அதுக்கப்புறம் அரை மணி நேரம் ரோட்டையே பாத்து ஓட்டுச்சு. ரோடு வளைவு வளைவா ஏறுதுல்ல, கவனமா ஓட்டணும்.

ஏன் மச்சான் நெத்தியைச் சுருக்குறீங்க? வெயிலு அடிக்குதா? இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க.

காடு வந்துச்சு. என்னத்தைச் சொல்ல. மலை பூரா படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி, கீழ ஆறு ஓடுது. பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஆனா பந்தல் இல்லை. ஒத்தைப் பந்தல் இல்லை மச்சான், அம்புட்டுக் காட்டுலயும். கொடியெல்லாம் இடுப்பு உசரத்துக்கு நிக்குது, கம்பியைக் கையால பிடிச்ச மாதிரி. மண்ணா அது, ஓடு ஓடாக் கல்லு. தண்ணியும் பாய்ச்சுறதில்லையாம். பழம் நம்ம பன்னீர்த் திராட்சைக்கு முன்னாடி சுண்டைக்காய். வருசத்துக்கு ஒரே ஒரு வெள்ளாமையாம். நம்ம மூணு எடுக்குறோம். எனக்கு அவங்களைப் பாத்தா பாவமா இருந்துச்சு.

தோட்டத்துக்காரர் பேரு அர்மாந்து. அறுபது வயசு இருக்கும், மீசை எனக்கு மாதிரியே. அவரு சம்சாரம் பேரு லூர்து. நம்ம ராயப்பன்பட்டியில நாலு லூர்து இருக்குல்ல, அதே பேருதான். நாங்க போய் எறங்கின உடனே ஒரு நாய் ஓடி வந்துச்சு, கன்னுக்குட்டி தண்டி. நேரா எம் பயமேல தாவி மூஞ்சியை நக்குது. இவன் "உக்காரு"ன்னான். உக்காந்துருச்சு. "கையைக் குடு"ன்னான். குடுத்துருச்சு. எனக்கு ஒரே ஆச்சரியம். நாயிக்குப் பாசை கெடையாது மச்சான், எந்த ஊரு நாயா இருந்தாலும் தமிழ்ல சொன்னா கேக்குது. இதை நான் ஊருக்கு வந்து நம்ம மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்டக் கூடச் சொன்னேன்.

அர்மாந்து என்னைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவரு பாசை தெரியாது. திராட்சைக்காரனுக்கு எதுக்குப் பாசை? எலையைத் திருப்பிப் பாத்தேன், செவட்டை நோய் இருக்குன்னேன். அவரும் என்னமோ சொன்னாரு. அவரு இடுப்புல இருந்த கவாத்துக் கத்தரியை வாங்கி, நம்ம முறையில எப்படி வெட்டணும்னு ஒரு கொடியில வெட்டிக் காட்டினேன். சரக் சரக்குன்னு நாலு வெட்டு. மனுசன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. வித்தையைப் பாத்துப் பிரமிச்சுட்டாரு. அந்தக் கொடி அவரு தாத்தா வச்சதுன்னு பய அப்புறம்தான் சொன்னான். ஆனா பெரிய மனுசன் மச்சான், என் கையில இருந்து கத்தரியை மெதுவா வாங்கி, தட்டிக்குடுத்து, கூட்டிட்டு வந்துட்டாரு. இப்ப அந்தக் கொடிக்கு என் பேரை எழுதிப் பலகை வச்சிருக்காராம்.

மத்தியானச் சாப்பாடு அவங்க வீட்டுலயே. டூருல அதுவும் சேத்தியாம். மீனு, நம்ம கருவாடு மாதிரி உப்புல போட்டு, ஊற வச்சுச் செஞ்சது. நல்லாத்தான் இருந்துச்சு. கூடவே எனக்குன்னு தயிர்சாதம். கடுகு தாளிச்சு, பெருங்காயம் போட்டு. அந்தக் கைடு பொண்ணுதான் பொழுது விடியுறதுக்குள்ள செஞ்சு எடுத்துட்டு வந்துச்சாம். இந்த மாதிரி கவனிப்பு எந்த டூரு கம்பெனியில மச்சான் இருக்கு? கத்திரிக்காய்க் கூட்டு ஒண்ணு வந்துச்சு, அதை அந்தப் பொண்ணே எம் பயலுக்குப் போடாமத் தாண்டி எனக்குப் போட்டுச்சு. அவன் கத்திரிக்காய் தின்னமாட்டான்ல. மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருச்சு.

லூர்தம்மாதான் கேள்வி மேல கேள்வி. வீடு எத்தனை ரூமு, தோட்டம் எத்தனை ஏக்கர், ஆஸ்பத்திரி பக்கமா, மழை பெய்யுமா, பரிதி சின்னப் புள்ளையில சேட்டை பண்ணுவானா. என் சம்சாரம் கோவக்காரியான்னு வேற கேட்டாங்க. கொஞ்சம் கோவக்காரிதான்னு சொன்னேன். அந்தம்மா மக கையைப் பிடிச்சு அமுக்கிச்சு. ஆமா, சொல்ல மறந்துட்டேன், அந்தக் கைடு பொண்ணு அவங்க மகதானாம். குடும்பமா டூரு நடத்துறாங்கபோல. வந்த விருந்தாளியை அம்புட்டு விசாரிக்குறது அந்த ஊருப் பழக்கம்.

காப்பி ஆறிப் போகுது மச்சான், குடிங்க.

சாப்பிட்டதும் கல்லுக்கட்டடம் ஒண்ணுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. பீப்பாய் பீப்பாயா திராட்சை ஒயின் அடுக்கி இருக்கு. மேசையில அஞ்சாறு கண்ணாடிக் கோப்பை, நடுவுல ஒரு சட்டி. அர்மாந்து ஒரு வாய் ஊத்தி, வாய்க்குள்ளயே கொப்பளிச்சு, அந்தச் சட்டியில துப்புறாரு. மேசைமேல மச்சான், நாலு பேரு நிக்குற எடத்துல எச்சிலைத் துப்புறாரு. ருசி பாக்குறதுன்னா அப்படித்தானாம்.

எனக்கும் ஊத்தினாங்க. கல்யாணத்தன்னைக்கு பவளம் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவன் நான், குடிக்கமாட்டேன்னு. ஆனா வீட்டுக்கு வந்தவன் வேண்டாம்னா அந்த மனுசன் மனசு சங்கடப்படும்ல? யோசிச்சேன். பையில இருந்து வெள்ளிச் சொம்பை எடுத்தேன், அதுல ஊத்தச் சொன்னேன், அண்ணாந்து ஒரே ஊத்து. ஒதட்டுல படலை, நாக்குல படலை, நேராத் தொண்டை. வாயில படாதது எப்படிக் குடிச்சதாகும்? சத்தியத்துக்கும் பங்கமில்லை, அவருக்கும் சந்தோசம். மெதுவாப் பேசுங்க, பவளத்துக்குக் கேக்கப் போகுது. ஒரு சொம்புதான். சின்னச் சொம்பு.

அவங்க எல்லாரும் கை தட்டினாங்க. அர்மாந்து நானும் பாக்குறேன்னு சொம்பைத் தூக்கினாரு, சட்டை பூரா செவப்பு. லூர்தம்மா கழுத்து வழியா ஊத்திக்கிச்சு. அடுத்து அந்தப் பொண்ணு இனேஷ் கையை நீட்டுச்சு. தண்ணியை ஊத்திக் குடுத்தேன். தலையை அண்ணாந்துச்சு, சொம்பை ஒரு சாண் மேல தூக்குச்சு, கட கடன்னு குடிச்சிருச்சு. ஒரு சொட்டு சிந்தலை மச்சான். மூச்சு முட்டலை. குடிச்சு முடிச்சு, சொம்பைக் கவுத்து, மிச்சத்தண்ணியைக் காலுக்குத் தள்ளி ஊத்திட்டு வச்சிச்சு. என்ன கெட்டிக்காரப் பொண்ணுங்குறீங்க. முத தடவையிலேயே.

என்ன மச்சான், இருமுறீங்க. தண்ணி தரவா?

இருங்க, கடைசிக் கட்டத்துக்கு வந்துட்டேன். பறிச்ச பழத்தை ஒரு கல்லுத்தொட்டியில கொட்டி, கால்ல மிதிக்குறாங்க. நான் அரண்டுட்டேன். பழத்துமேல கால் படலாமா, அது நமக்குச் சோறு போடுறதுல்லன்னேன். அர்மாந்து என்னை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் வாளியில தண்ணி கொண்டாந்து, கீழ உக்காந்து, என் காலை அவரே கழுவி விட்டாரு. வேண்டாம் வேண்டாம்னேன், கேக்கலை. அதுக்கப்புறம் எப்படி மறுக்குறது? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டேன். மொழங்கால் வரைக்கும் பழம். ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் கையைப் போட்டு, வரிசையா, வலது இடதுன்னு மிதிக்கணும். ஒரு பக்கம் அவரு, ஒரு பக்கம் நானு, நடுவுல பிள்ளைங்க ரெண்டும். கொஞ்ச நேரத்துல எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. சாறு தெறிச்சிருச்சு.

கெளம்புறப்ப அந்தப் பொண்ணுக்கு என்னத்தைக் குடுக்குறதுன்னு தெரியலை, நாள் பூரா வண்டி ஓட்டியிருக்கு. சொம்பைக் குடுத்துட்டேன். ரெண்டு கையிலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிச்சு. கைடுன்னா கைடு, அப்படி ஒரு கைடு. தை மாசம் அப்பா அம்மாவோட நம்ம ஊருக்கு வருதாம், பந்தல் சாகுபடி பாக்க. ஓட்டல் வேண்டாம், நம்ம வீட்டுலதான் தங்கணும்னு பய கறாராச் சொல்லிட்டான். வீட்டுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கான். அந்தப் பொண்ணோட ஜாக்கெட்டு அளவு கூட பய பவளத்துக்கு அனுப்பியிருக்கான்போல, அதுக்குச் சேலை கட்டிப் பாக்க ஆசையாம். தை மாசம்னா நமக்கும் வசதியாப் போச்சு, நிச்சயத்துக்கு அவங்களும் இருப்பாங்க. எங்க, பஞ்சாங்கத்தை எடுங்க மச்சான்.

என்ன, எந்திரிச்சுட்டீங்க?

பஞ்சாங்கம் வேண்டாமா? ஏன்?

வெள்ளந்தியா? நானா? நான் என்ன வெள்ளந்தி மச்சான், ஊர் ஒலகம் பாத்தவன்.

பையன்கிட்ட உக்காந்து பேசவா? அவன்கிட்டப் பேச என்ன இருக்கு?

தேமொழிக்கு வேற எடம் பாக்குறேன்னா... நீங்களே இப்படிச் சொன்னா நான் என்ன சொல்லுறது? நான் சொல்லு மாறலை, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. நீங்களாத்தான் வேண்டாம்குறீங்க. கோவம் ஒண்ணும் இல்லையே? சரி மச்சான். பாத்துப் போங்க, வாய்க்கால் பாலத்துக்கிட்ட மண்ணு சறுக்குது.

பவளம். ஏ பவளம். போயிட்டாரா பாரு. வண்டி பாலம் தாண்டிருச்சா?

அப்பாடா. வா, இப்படி உக்காரு. உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே, ஒரு வார்த்தை பொய் சொல்லலை. நடந்ததை நடந்தபடியே சொன்னேன், எனக்குப் புரியலைங்குறதை மட்டும் சேத்துக்கிட்டேன். நாம வேண்டாம்னு சொன்னா என்னாகும்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்க, பொண்ணுக்கு என்ன கொறையோன்னு சின்னமனூரே பேசும். தேமொழி பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துற புள்ள, தலை நிமிந்து நடக்கணும். இப்ப அவரே, பையன் சரியில்லை, நாங்கதான் வேண்டாம்னுட்டோம்னு நாலு பேருகிட்டச் சொல்லுவாரு. சொல்லிட்டுப் போகட்டும். இருந்தாலும் மனசு என்னமோ பண்ணுது பவளம். போறப்ப கையைப் பிடிச்சு, பாவம் நீங்கன்னு சொல்லிட்டுப் போறாரு. எனக்காகப் பரிதாபப்படுறாரு. நல்ல மனுசன்.

எனக்கு எப்பத் தெரியும்னு கேளு. காருல தெரியலை, நாய் உக்காந்தப்பக் கூடத் தெரியலை. சொம்புலதான் தெரிஞ்சுச்சு. அண்ணாந்து குடிக்குறது ஒரு நாள்ல வருமா? அவங்க அப்பனுக்கு வரலை, ஆத்தாளுக்கு வரலை. இவளுக்கு மட்டும் எப்படி ஒரு சொட்டு சிந்தாம வருது? அந்த நிமிசம் புரிஞ்சு போச்சு. காலையில அந்தப் புள்ள கையிலேயே போட்டோவைக் குடுத்தேனேன்னு அப்படியே கூசிப் போயிட்டேன். தொட்டிக்குள்ள எறங்கினது சம்பந்தி கூடத்தான்னு தெரிஞ்சேதான் எறங்கினேன். கண்ணுல தெறிச்சது சாறு இல்லை பவளம். அழுதுட்டேன். என் காலைத் தொட்டுக் கழுவுறாருடி அந்த மனுசன்.

உனக்கு எப்படிச் சொல்லுறதுன்னுதான் ஒரு மாசமாத் தவிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நம்ம பயதான் அவளுக்குக் கத்துக் குடுத்திருக்கான், தண்ணி குடிக்க.

எதுக்குச் சிரிக்குறே?

அவன் இல்லையா? பின்ன யாரு?

நீயா? எப்படி? போன்லயா? மூஞ்சி தெரியுற போன்லயா?

ரெண்டு வருசமாவா?

அப்ப தயிர்சாதம்? அதுவும் நீதானா? மூட்டுவலி? அந்த சொம்பு... எனக்குன்னு சொல்லித்தானே வச்சே? அவளுக்கா? அவ கையில எப்படியும் குடுத்துட்டு வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

மூணு சொம்பா? யாரு சொன்னா? அதையும் சொல்லிட்டாளா? நாக்குல படலை பவளம், உன்மேல சத்தியமா நாக்குல படலை.

இரு, இரு. அர்மாந்துக்குத் தெரியும். லூர்தம்மாவுக்குத் தெரியும். உனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். அந்த நாய்க்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. மச்சான் என்னை வெள்ளந்தின்னு சரியாத்தான் சொல்லிட்டுப் போறாரு.

சரி, சிரிச்சது போதும். தொண்டை காஞ்சு போச்சு, தண்ணி கொண்டா. டம்ளர்லயே கொண்டா. சொம்புதான் உன் மருமக கையில இருக்கே.